பூட்டிய வீட்டில் பதினெட்டு ஆம்பியர்

ஏப்ரல் 2

டாக்டர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, மனதில் இருப்பதை யாரிடமாவது கொட்டுங்கள் என்றார். கொட்ட ஆள் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆகவே இந்த டைரி.

எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. மிக்ஸி ஓடவில்லை. வயர் ஏதோ உள்ளே விட்டுப்போயிருக்கிறது. ஒரு ஊருக்கே மின்சாரம் கொடுக்கிற உதவிப் பொறியாளர் வீட்டில் சட்னி அரைக்க வழியில்லை. இட்லிப்பொடி இருக்கிறது, போதும்.

ஏப்ரல் 4

செயற்பொறியாளர் கூப்பிட்டு, நல்லான்விளை முழுவதற்கும் டிரான்ஸ்பார்மர் வாரியாக மின் இழப்பு எவ்வளவு என்று மே கடைசிக்குள் மதிப்பிட்டுத் தரச் சொன்னார். மின்சாரம் போகிற வழியில் கம்பியைச் சூடாக்கிக் கொஞ்சம் வீணாகும், கொஞ்சம் திருட்டுப் போகும். அனுப்பியதிலிருந்து பில் போட்டதைக் கழித்தால் தெரிந்துவிடும். முன்பெல்லாம் இது ஒரு மத்தியான வேலை.

இப்போது மாடிக்கு மாடி சோலார். வெயில் அடித்தால் அவர்கள் நமக்கு அனுப்புகிறார்கள், மேகம் வந்தால் நம்மிடம் கேட்கிறார்கள். எவ்வளவு என்று எந்த இரண்டு நாளும் ஒத்துப்போவதில்லை. விருந்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல் உலையில் அரிசி போடுகிற வேலை இது.

"உத்தேசமா போடுங்க, பியூலா மேடம். ஒங்க உத்தேசம் தப்பாது" என்றார் செயற்பொறியாளர். பாராட்டா, தலையில் கட்டுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

ஏப்ரல் 7

நல்ல வெயில் நாள், பாதி மேக நாள், மழை நாள் என்று நாட்களை மூன்று வகையாகப் பிரித்து, சோலார் வீடுகளின் உற்பத்தியை உத்தேசித்தேன். பஜார், பஸ் ஸ்டாண்டு, உப்பளச் சாலை மூன்றும் முடிந்தன. எல்லாம் ஐந்து, ஆறு சதவீத இழப்பு. நியாயமான எண்கள்.

சர்ச் தெருவில் பதிவான சோலார் ஒன்றுகூடக் கிடையாது. இருப்பதிலேயே சுலபம் அதுதான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 8

பார்க்கவில்லை. தலைவலி.

ஏப்ரல் 10

கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டர் வர மூன்று நாளாகுமாம். கடையில் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 11

சர்ச் தெருக் கணக்கை இன்று போட்டேன். இழப்பு, பூஜ்யத்துக்குக் கீழே எட்டு சதவீதம்.

அதாவது டிரான்ஸ்பார்மரிலிருந்து நாங்கள் அனுப்பியதைவிட அதிகமாக அந்தத் தெருவுக்குப் பில் போட்டிருக்கிறோம். பானையில் இருந்ததைவிட அதிகமாகப் பரிமாறிவிட்டோம். நடக்கவே முடியாது. டிரான்ஸ்பார்மர் மீட்டரில் கோளாறு என்று நினைத்து லைன்மேன் யேசுவடியானை அனுப்பிச் சோதிக்கச் சொன்னேன். மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது என்று வந்து சொன்னார்.

செயற்பொறியாளரிடம் சொன்னதற்கு, "நஷ்டம் வந்தாதான் கேள்வி கேப்பாங்க. லாபம் வந்தா யாரு கேக்கா? அஞ்சுன்னு போட்டு அனுப்புங்க" என்கிறார்.

இந்தத் தெருவில் இன்னொரு ஆச்சரியமும் உண்டு. முன்பெல்லாம் ஏப்ரல், மே வந்தால் மத்தியானம் முழுக்க அங்கிருந்துதான் போன் வரும். வோல்டேஜ் இல்லை, ஃபேன் சுற்றவில்லை என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்வார்கள். தெருக்கோடி வரை இழுத்த பழைய கம்பி அது. புதுக் கம்பிக்கு நான் கேட்ட அனுமதி இன்னும் எங்கோ தூங்குகிறது. ஆனால் போன வருஷத்திலிருந்து ஒரு போன்கூட இல்லை. மனிதர்கள் திருந்திவிட்டார்கள் போல.

பட்டியலில் அறுபத்து மூன்று வீடுகள். அறுபத்திரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ஏப்ரல் 13

அந்த அறுபத்து மூன்றாவது வீட்டைப் பார்க்கத் தேவையில்லை. அதன் எண் மனப்பாடம்.

தெருக்கோடி வீடு, திரு. எபநேசர். என் கணவர். இன்னும் பதினைந்து நாளைக்கு.

ஏப்ரல் 15

டாக்டர் கொட்டச் சொன்னார் அல்லவா, கொட்டிவிடுகிறேன்.

எபநேசர் லைசென்ஸ் வாங்கிய வயர்மேன். இந்த ஊரில் பாதி வீடுகளுக்கு அவர் கைதான் வயரிங். பொறியாளர் பெண்டாட்டி இருப்பதால்தான் அவருக்கு இணைப்பு உடனே கிடைக்கிறது என்று எவனோ மொட்டைக் கடிதம் போட்டான். விசாரணை வந்தது. அவர் தொழிலுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அது உண்மைதான். இனி என் பிரிவில் வேலை எடுக்காதீர்கள் என்று அவரிடமும் சொன்னேன். வீட்டில் சண்டை. "சம்பந்தம் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டல்லா, அப்ப சம்பந்தம் இல்லாமலே இருப்போம்" என்று சர்ச் தெருவில் பூட்டிக் கிடந்த அவர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்பு, பிப்ரவரியில்.

கோபம் ஆறினால் வருவார் என்றுதான் இருந்தேன். ஆறிவிட்டதா என்று எட்டிப் பார்க்க எனக்கு ஒரு ஜன்னல் இருந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் எந்த வீட்டின் பயன்பாட்டையும் பார்க்கலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு முடிந்ததும் முதலில் அந்த வீட்டைத்தான் பார்ப்பேன். ஒற்றை ஆளுக்கு ஏற்ற சின்ன எண். அதைப் பார்க்கும்போது ஒரு நிம்மதி. சமைக்கிறார், ஃபேன் போடுகிறார், தூங்குகிறார் என்று.

போன வருஷம் ஜூனில் அந்த எண் நான்கு மடங்கு ஏறியது. ஆகஸ்டிலும் அப்படியே.

காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருகிற மனிதர் அவர். அவர் இல்லாத வீட்டில் யாரோ இருக்கிறார்கள். பகலெல்லாம் ஏசி போட்டுக்கொண்டு, துணி துவைக்கும் மெஷின் போட்டுக்கொண்டு, வசதியாக இருக்கிறாள். வேறு எதுவும் அவ்வளவு யூனிட் இழுக்காது. நான் கணக்குத் தெரிந்தவள்.

அக்டோபரில் நான் போய்ப் பார்த்த வக்கீல் பரஸ்பர சம்மத விவாகரத்துப் பேப்பரை நீட்டியபோது கையெழுத்துப் போட்டேன். அவரும் போட்டார். ஆறு மாதம் கழித்து இரண்டு பேரும் மறுபடி வந்து சம்மதம் என்று சொன்னால் முடிந்துவிடும் என்றார்கள். அந்த நாள் இம்மாதம் 28.

ஏப்ரல் 20

ஈஸ்டர். விடியற்காலை ஆராதனைக்குப் போனேன். ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் அவர். மெலிந்துவிட்டார். சட்டைக் காலர் இஸ்திரி இல்லாமல் மடங்கிக் கிடந்தது. ஏசி போட்டுத் தூங்கத் தெரிந்தவளுக்கு ஒரு இஸ்திரி போடத் தெரியாதா?

பெண்கள் பக்கம் இருந்த புது முகங்களை எல்லாம் பார்த்தேன். பிரசங்கம் ஒன்றும் காதில் விழவில்லை.

ஏப்ரல் 24

எட்டு சதவீதம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அஞ்சு என்று பொய்யாக எழுத எனக்குக் கை வராது. நாளை நானே சர்ச் தெருவுக்குப் போகிறேன். பகலில் போனால் அவர் இருக்க மாட்டார்.

அவள் இருப்பாள். இருக்கட்டும். நான் வேலையாகத்தானே போகிறேன்.

ஏப்ரல் 25

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

உச்சி வெயிலில் போனோம். யேசுவடியான் ஏணி போட்டு டிரான்ஸ்பார்மரில் ஏறி, கம்பியைக் கவ்விப் பிடித்துக் கரண்ட் அளக்கிற டாங் டெஸ்டரை மாட்டினார். நான் கீழே நின்று எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு பெரிய மேகம் சூரியனை மூடியது.

"மேடம், என்னமோ ஏறுது."

"என்ன ஏறுது?"

"கரண்டுதான். யாரும் புதுசா எதையும் போட்ட மாதிரி தெரியல. மேகம் வந்த ஒடனே குபுக்குன்னு ஏறிட்டு."

மேகம் விலகி வெயில் அடித்தது.

"இந்தா, எறங்கிட்டு பாருங்க."

மேகம் வந்தால் எங்களிடம் அதிகமாகக் கேட்கிறது, வெயில் வந்தால் குறைத்துக்கொள்கிறது. தெருவில் எங்கோ சோலார் இருக்கிறது. பதிவு செய்யாமல் யாரோ மாட்டியிருக்கிறார்கள். அது மட்டும் அந்த எட்டு சதவீதத்துக்குப் போதாதே என்று யோசித்தபடியே கம்பம் கம்பமாக அளந்துகொண்டு போனோம். கடைசிக் கம்பம் வந்தது. அதிலிருந்து ஒரே ஒரு வீட்டுக்குத்தான் வயர் போகிறது.

"பதினெட்டு ஆம்பியர், மேடம்" என்றார் மேலிருந்து.

வாசலைப் பார்த்தேன். கேட்டில் பூட்டு. கதவில் பூட்டு. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. கொடியில் ஒரு லுங்கி, ஒரு துண்டு.

"உள்ள வேற யாரும் இருக்காங்களா?" என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

"வேற யாரு மேடம்? சார் காலையிலயே போயிருவாகள்லா. அந்த வீட்ல ஒரு பூனகூடக் கெடையாது."

இன்னொரு மேகம் வந்தது. யேசுவடியான் படித்துக்கொண்டே வந்தார். பதினைந்து, ஒன்பது, நான்கு. மேகம் போனது. மறுபடியும் பதினெட்டு.

மேகம் வந்தால் தெருவுக்கே ஏறுகிறது, இங்கே மட்டும் இறங்குகிறது. அந்த வீடு எதையும் இழுக்கவில்லை. கொடுத்துக்கொண்டிருந்தது. பழைய மீட்டர்களுக்குத் திசை தெரியாது. உள்ளே வந்தாலும் எண்ணும், வெளியே போனாலும் எண்ணும். அவர் தெருவுக்குக் கொடுத்தது அத்தனையையும் அவர் எடுத்ததாகவே எண்ணி, அவருக்கே பில் போட்டிருக்கிறது. எட்டு சதவீதத்தின் மீதியும் கிடைத்துவிட்டது.

இது எனக்குப் பரீட்சைக்கே வந்த பாடம். அந்த நான்கு மடங்கைப் பார்த்தபோது இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? அவள்தான் தோன்றினாள்.

ஏப்ரல் 26

நேற்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன். சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

"மாடியப் பாக்கணும்" என்றேன்.

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் ஏறினார். கைப்பிடிச் சுவருக்குப் பின்னால், கீழிருந்து யார் கண்ணுக்கும் தெரியாதபடி, பத்துப் பன்னிரண்டு பழைய பேனல்கள். துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார்.

"எப்போ மாட்டுனீங்க?"

"போன வருசம் ஏப்ரல்ல. மூடுன மில்லு ஒண்ணுல சல்லிசா கெடச்சுது."

"ஏன் அப்ளிகேஷன் போடல?"

"போட்டா யாரு டேபிளுக்கு வரும்? மறுபடியும் எம் பேரு ஒன் டேபிள்ல வரணுமா?"

"எங்க ஆளுங்க கம்பத்துல ஏறுறாங்க. லைன் ஆஃப்னு நெனச்சு ஏறும்போது இதுல இருந்து கரண்ட் வந்தா?"

"லைன் நின்னா இதுவும் நின்னுரும். அது தெரியாமயா மாட்டுவேன்? யேசுவடியான் எனக்கும் சிநேகிதன்தான்."

எதற்காக மாட்டினீர்கள் என்று கேட்டேன். பேனல் ஒன்றின் மேல் கிடந்த வேப்பிலைச் சருகை எடுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"மே மாசம் வந்தா இந்தத் தெருக்காரங்க ஒன்னைய என்ன பாடு படுத்துவாங்க. சோத்துல கை வச்சா போன் அடிக்கும். நீ பாதில எந்திரிச்சுப் போவ. இங்க வந்து இருந்த பொறவுதான் பாத்தேன், தெருக்கோடில கொஞ்சம் கரண்ட் ஏத்திவிட்டா மத்தியானம் வோல்டேஜ் நிக்கும்னு. அதான். ஒனக்கு ஒரு போனாச்சும் கொறையட்டுமேன்னு."

நானும் ஒரு சருகைப் பொறுக்கிப் போட்டேன்.

"பில்லு அவ்வளவு வந்துச்சே. ஏன் வந்து கேக்கல?"

"நீ போட்ட அபராதம்னுல்லா நெனச்சேன்."

"நானா?"

"இதக் கண்டுபிடிச்சிட்ட, கண்டுபிடிச்சும் ஏன் மாட்டுனன்னு ஒரு வார்த்த கேக்காம பில்லுல ஏத்திவிட்டுட்டன்னு நெனச்சேன். சரி, அவ மனசுல நமக்கு அவ்வளவுதான் எடம்னு கெட்டிட்டு வந்தேன். அக்டோபர்ல வக்கீல் பேப்பரக் குடுத்தப்போ கையெழுத்துப் போட்டதும் அதனாலதான்."

மீட்டர் எப்படி எண்ணுகிறது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு நான் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன் என்பதையும் சொன்னேன். சொல்லாமல் வந்திருக்கலாம். ஆனால் அவர் சொல்லிவிட்டாரே.

"வீட்ல யாரோ இருக்காங்கன்னு நெனச்சேன். பகல்ல ஏசி போட்டுக்கிட்டு."

முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மாடிப்படியில் உட்கார்ந்தார்.

"இந்த வீட்ல ஏசியே கெடையாது, பியூலா."

கீழே யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது.

"ஒரு நா வந்து கதவத் தட்டியிருக்கலாம்லா?" என்றார்.

"நீங்களும் வந்திருக்கலாம்."

"ஆமா. நானும் வந்திருக்கலாம்."

நான் அழுதேன். அவர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். தொடவில்லை.

"மீட்டரு தப்பு. மாத்திரலாம்" என்றார். "நீ என்னைய அப்பிடி நெனச்ச, நான் ஒன்னைய அப்பிடி நெனச்சேன். மீட்டரு அத நம்ம ரெண்டு பேருக்கும் சொல்லிக் குடுக்கலயே. அத எப்பிடி மாத்த?"

இன்று முழுக்க அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 27

ஞாயிறு. ஆராதனைக்குப் போகவில்லை. போன் பக்கத்திலேயே இருந்தேன். அவரிடமிருந்து வருமோ என்று. நானாகவே இரண்டு தடவை எண்ணைப் போட்டுவிட்டு, மணி அடிப்பதற்குள் நிறுத்தினேன். நான் கூப்பிட்டால் பரிதாபப்பட்டு வருவார். பரிதாபப்பட்டு வர வேண்டாம்.

ஏப்ரல் 28

கோர்ட். அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்.

நீதிபதி நல்ல அம்மா. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆறு மாசம் டைம் குடுத்தோமே, பேசிப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"பேசுனோம்மா" என்றார் எபி.

"இப்பவும் சம்மதம்தானா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று சொல்லட்டும் என்று பார்த்தாரா, என்ன சொல்வேன் என்று சும்மா பார்த்தாரா? அவர் முகத்தைப் பார்த்து எதையாவது கணக்குப் போட இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. என் உத்தேசம் தப்பாது என்று ஊரே சொல்கிறது.

"சம்மதம்" என்றார்.

"உங்களுக்கும்மா?"

சம்மதம் என்று சொன்னேன். என் குரல்தான்.

ஏப்ரல் 29

மிக்ஸியைக் கடையில் கொடுத்தேன். உள்ளே ஒரு வயர் விட்டிருந்ததாம், ஐந்து நிமிஷத்தில் சரிசெய்துவிட்டான். வீட்டுக்கு வந்து தேங்காய்ச் சட்னி அரைத்தேன். இட்லிக்குப் பொடியையே தொட்டுக்கொண்டேன்.

மே 9

பதிவு செய்யாத சோலார் என்று அறிக்கையில் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதினேன். பெயரும் எழுதினேன். கூடவே, திசை பார்த்து எண்ணுகிற புது மீட்டருக்கான விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். இதைப் பூர்த்தி செய்தால் பேனல்கள் அங்கேயே முறைப்படி இருக்கலாம்.

வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். மஸ்கட்டில் சோலார் வேலையாம். ஜனவரியிலேயே எழுதிப் போட்டிருக்கிறார். போன வாரம் விசா வந்திருக்கிறது.

"வீட்டப் பூட்டிட்டு மாடில கரண்ட விட்டுட்டுப் போவ முடியாது, பியூலா. ஒரு காத்துக்கு வயரு பிஞ்சு விழுந்தா யாரு பாப்பா? கழத்திருதேன்."

"சரி" என்றேன்.

வாசல் வரை வந்தார். "சாப்புடு ஒழுங்கா" என்றார்.

மே 13

எபி இன்று போய்விட்டார். மத்தியானப் பஸ். யேசுவடியான் சொன்னார். எனக்கு ஆபீஸில் வேலை இருந்தது.

மே 27

பேனல்களைக் கழற்றிய பிறகு பத்து நாள் சர்ச் தெரு டிரான்ஸ்பார்மரில் தனியாக அளந்து, கணக்கை மறுபடி போட்டேன். இழப்பு ஆறு சதவீதம். நியாயமான எண். செயற்பொறியாளர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "பாத்தீங்களா, நான் அஞ்சுன்னு சொன்னேன், ஆறு வந்திருக்கு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜூன் 3

மழை இல்லை. அனல்.

மத்தியானம் சோற்றில் கை வைத்தேன், போன் அடித்தது. சர்ச் தெரு, ரஞ்சிதம் டீச்சர். நல்ல மனுஷி, மற்றவர்களைப் போல ஏசமாட்டார்.

"மேடம், ஃபேன் சுத்தவே மாட்டேங்கு. கொழந்தைய வச்சிக்கிட்டு அவிஞ்சு போறோம். தெருப் பூரா அப்பிடித்தான் இருக்கு."

"கம்பி மாத்தக் கேட்டிருக்கேன், டீச்சர். வந்துரும்."

"போன வருசம்லாம் நல்லா இருந்துச்சே. நீங்க புண்ணியத்துக்கு யாரயோ விட்டு என்னமோ பண்ணி வச்சிருந்தீங்கள்லா? அவுகள மறுபடியும் வந்து பண்ணச் சொல்லுங்க மேடம்."

சொல்கிறேன் என்றேன்.